பந்து எட்டத்தில் இருக்கும்போது

வாசகர் கேள்விகள்: கால்பந்து

சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும் இந்த நேரத்தில் வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை பின்கள வீரர்களைப் பற்றியே கேட்கின்றன. யார் எத்தனை கோல் போடுவார் என்ற பேச்சிலேயே காலம் கழிக்கும் நம்மிடையே இப்படியொரு ஆர்வம் எழுந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் பின்களத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊர் மைதானத்தில் மாலையில் கூடும் இளைஞர்கள், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கும் முன் ஒவ்வோர் அணியின் பின்கள வீரர்களையும் எடைபோட்டு வாதிடுவது வழக்கம். ஒருவர் சென்ற சீசனின் டேக்கிள் எண்ணிக்கையைச் சொல்கிறார். இன்னொருவர், பயிற்சி ஆட்டங்களில் அணி எத்தனை கோல் வாங்கியது என்பதைப் பார்க்கச் சொல்கிறார். ஓர் அணியின் பின்களம் தேறுமா, தேறாதா என்பதை முன்கூட்டியே அறிய நம்பகமான வழி உண்டா?
– உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பொள்ளாச்சி

உண்டு. ஆனால் தங்கள் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் இரண்டு அளவுகோல்களுமே அதற்குப் போதாதவை.

டேக்கிள் எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு சைடு பேக் (ஓரத்தைக் காக்கும் பின்கள வீரர்) ஓர் ஆட்டத்தில் ஆறு முறை காலை நீட்டிப் பந்தைப் பறித்தார் என்றால், அந்த ஆறு முறையும் எதிராளி பந்தோடு அவரை நெருங்கிவிட்டார் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எதிராளிக்குப் பந்து வரும் முன்பே அந்த வழியில் போய் நின்று, பந்தைக் கொடுக்க நினைத்தவரையே மனம் மாற வைத்த வீரரின் பெயருக்கு நேராக எந்த எண்ணும் ஏறுவதில்லை. அத்துடன், பந்தை அதிகம் தன்வசம் வைத்திருக்கும் அணியின் பின்கள வீரர்களுக்கு டேக்கிள் செய்யும் வேலையே குறைவாகத்தான் வரும். எனவே இரண்டு அணிகளின் வீரர்களை அந்த எண்ணால் மட்டும் ஒப்பிடுவது, ஆழக் கிணற்றில் இறைத்தவனையும் வாய்க்கால் பாசனக்காரனையும் வியர்வையை வைத்து ஒப்பிடுவது போன்றது.

பயிற்சி ஆட்டத்தின் கோல் கணக்கு அதைவிடவும் ஏமாற்றக்கூடியது. இடைவேளைக்குப் பிறகு பதினொருவரையுமே மாற்றிவிடுவது அத்தகைய ஆட்டங்களில் சாதாரணம். ஒரு புதிய முறையைப் பழக்குவதற்காக, இன்னும் தேறாத வீரரை வேண்டுமென்றே கடினமான இடத்தில் நிறுத்திப் பார்ப்பதும் பயிற்சியாளர்களின் வழக்கம். நான்கு கோல் வாங்கிய அணி கவலைப்படாமல் இருப்பதையும், ஒன்றும் வாங்காத அணியின் பயிற்சியாளர் முகம் இறுகி நிற்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அனுபவத்தில், பந்து பின்களத்திலிருந்து எட்டத்தில் இருக்கும்போது அங்கே வரிசையாக நிற்கும் நால்வரும் (நடுவில் இரண்டு சென்டர் பேக், ஓரங்களில் இரண்டு சைடு பேக்) எப்படி நிற்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு முழு அளவு மைதானத்தின் அகலம் 68 மீட்டர். அதை நால்வருக்கும் சரிசமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர் வரும். இருவருக்கு நடுவே அத்தனை இடம் இருந்தால் எந்த முன்கள வீரரும் பந்தோடு நிம்மதியாகப் புகுந்துவிடுவார். ஆகவே நல்ல பின்களம் முழு அகலத்தையும் காக்க முயல்வதே இல்லை. பந்து வலப்பக்கம் போனால் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல வலப்பக்கம் நகர்ந்து, தங்களுக்குள் பத்து மீட்டர் அளவுக்கு இடைவெளியைச் சுருக்கிக்கொள்வார்கள். இடது சைடு பேக் ஏறக்குறைய மைதானத்தின் நடுப்பகுதிக்கே வந்துவிடுவார். அவருக்கு வெளியே இடது ஓரம் முழுவதும் காலியாகக் கிடக்கும். கிடக்கட்டும் என்று விடுவார்கள். எதிரணி பந்தை அந்த ஓரத்துக்குத் தூக்கி அடித்தால், அது காற்றில் பயணம் செய்யும் நேரத்துக்குள் நால்வரும் திரும்பி நகர்ந்துவிட முடியும் என்பதே அவர்கள் கணக்கு.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை (மேய்ச்சல் நிலங்களை) சுற்றியிருக்கும் கிளுவை வேலியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேலியில் ஒவ்வொரு செடியும் எத்தனை உயரம் என்று எந்தப் பண்ணயக்காரரும் அளப்பதில்லை. எங்கே சந்து விழுந்திருக்கிறது என்றுதான் சுற்றிவந்து பார்ப்பார், ஏனென்றால் ஆடு அங்கேதான் நுழையும். பின்களத்தையும் அப்படித்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். சென்டர் பேக்குக்கும் சைடு பேக்குக்கும் நடுவிலுள்ள சந்துதான் பெரும்பாலான அணிகளில் முதலில் விரிகிறது. சைடு பேக், ஓரமாக ஆடும் எதிரணி வீரரான விங்கரை நோக்கி வெளியே போகிறார், சென்டர் பேக் தன் ஆளை விடமுடியாமல் நடுவிலேயே நிற்கிறார், எதிரணியின் நடுக்கள வீரர் ஒருவர் அந்தச் சந்தில் ஓடிவிடுகிறார். பயிற்சி ஆட்டத்தில் அந்த ஓட்டத்துக்குப் பந்து வந்து சேராமல் போகலாம், கோலும் விழாமல் போகலாம். ஆனால் அரை மணி நேரத்தில் அப்படி நான்கைந்து முறை விரிந்ததென்றால் சீசனில் அது கோலாக மாறும் என்று தாங்கள் துணிந்து சொல்லலாம்.

அடுத்தது, அந்த நால்வரின் கோடு எவ்வளவு முன்னேறி நிற்கிறது என்பது. 105 மீட்டர் நீள மைதானத்தில் நடுக்கோட்டுக்குப் பத்து மீட்டர் பின்னால் கோட்டைப் பிடித்து நிற்கும் அணிக்கு, முதுகுக்குப் பின்னால் 42 மீட்டருக்கும் மேலான வெற்றிடம் இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அதை ஐந்து நொடியில் கடந்துவிடுவார். இது தவறான முறை என்று சொல்ல வரவில்லை. பந்தை எதிரணியின் பாதியிலேயே பறிக்க நினைக்கும் அணிக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த அணியிடம் வேகமான சென்டர் பேக் ஒருவரும், பெனால்டி பெட்டியை விட்டு வெளியே ஓடிவரத் தயங்காத கோல்கீப்பர் ஒருவரும் இருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டும். வேகம் குறைந்த இரண்டு சென்டர் பேக்குகளை ஒப்பந்தம் செய்துவிட்டு, கோட்டை முன்னே தள்ளி ஆடப் போவதாக அறிவிக்கும் அணியைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மூன்றாவதாக, தனி வீரரின் தலையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எதிர் மூலையில் இருந்தது. இடது சைடு பேக்காக நின்ற இளைஞர் பந்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் பந்தை நோக்கி நேராக ஊன்றியிருந்தன. அவர் முதுகுக்குப் பின்னால் விங்கர் இரண்டு எட்டு பின்வாங்கி, பிறகு உள்ளே நழுவியது அவருக்குத் தெரியவே இல்லை. என் பக்கத்தில் நின்ற முதிய பயிற்சியாளர், "பந்து எங்க இருக்குதுன்னு மைதானத்துல எல்லாத்துக்குமே தெரியுமுங்க. பின்னால ஆரு நிக்கறாங்கறதுதான் பேக்குக்குத் தெரியோணும்" என்றார். மறுவாரம் போனபோது அதே இளைஞர் உடலைப் பாதி திருப்பி, ஒரு தோள் பந்தை நோக்கியும் மறு தோள் தன் கோலை நோக்கியும் இருக்குமாறு நின்றிருந்தார். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டார். கால்களின் வேகம் கூடவில்லை, ஆனால் இரண்டு எட்டு முன்கூட்டியே கிளம்பினார். தொழில்முறை வீரர்களிடமும் இந்தப் பழக்கம் எல்லோருக்கும் இருப்பதில்லை. களைப்பு ஏறும் கடைசி இருபது நிமிடங்களில் அது யாரிடம் நிலைக்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நான்காவதை மைதானத்துக்குப் போகாமலேயே அறியலாம். சென்ற சீசனில் ஒன்றாக ஆடிய நால்வரில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று பட்டியலைப் பாருங்கள். மூவர் இருந்தால் நல்லது. சென்டர் பேக் இருவருமே புதியவர்கள் என்றால், அவர்கள் எவ்வளவு பெயர் பெற்றவர்களாக இருந்தாலும் முதல் சில ஆட்டங்களில் தடுமாற்றம் இருக்கும் என்றே நான் கணக்கு வைப்பேன். ஆஃப்சைடு பொறிக்கு, அதாவது எதிரணி முன்கள வீரரைத் தங்கள் கோட்டுக்குப் பின்னால் விட்டு ஆஃப்சைடு விதியில் சிக்கவைப்பதற்கு, நால்வரும் ஒரே கணத்தில் முன்னேற வேண்டும். ஒருவர் அரை எட்டு பின்தங்கினாலும் முழுக் கோடும் வீணாகிவிடும். சேர்ந்து ஆடிய நாட்கள்தான் அந்த ஒரே கணத்தைப் பழக்கித் தருகின்றன.

சென்ற சீசனில் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் பின்களமே சிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

அந்த எண்ணை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்குள் யார் யாருடைய உழைப்பு கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் லிவர்பூல் 2017-18 சீசனில் 38 கோல் வாங்கியது. அடுத்த சீசனில் 22 மட்டுமே வாங்கியது. 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு வந்து சேர்ந்த விர்ஜில் வான் டைக் என்ற சென்டர் பேக்குக்கே அந்தப் பெருமை முழுவதையும் கொடுப்பவர்கள் உண்டு. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் 2018 கோடையில் அலிசன் என்ற பிரேசில் நாட்டுக் கோல்கீப்பரும் அதே அணிக்கு வந்தார் என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு பிழையாகிவிடும். பின்களத்தைக் கோல்கீப்பரிடமிருந்தும், அதற்கு முன்னால் நின்று மறிக்கும் நடுக்கள வீரரிடமிருந்தும் பிரித்து எடைபோடுவது கடினம்.

மறுபுறம், 2004-05 சீசனில் செல்சி அணி 38 ஆட்டங்களில் 15 கோல் மட்டுமே வாங்கியதற்கு, ஜான் டெரி, ரிக்கார்டோ கர்வாலோ என்ற இணையைப் போலவே அவர்களுக்கு முன்னால் நின்ற கிளாட் மக்கெலலேயும் காரணம். எதிரணியின் தாக்குதல் பின்களத்தை எட்டும் முன்பே அவர் அதன் வேகத்தைத் தணித்துவிடுவார். எனவே அந்த இடத்து வீரர் விலகிச் சென்ற அணியில், பின்கள வீரர்கள் நால்வரும் மாறாமல் இருந்தாலும்கூட, சென்ற சீசனின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

நான் பின்னலாடை நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். இரவுப் பணி இல்லாத நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து ஐ.எஸ்.எல். பார்ப்போம். களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்னும்போது, அந்த இடத்தைக் கோல் போடுபவருக்குக் கொடுக்காமல் பின்கள வீரருக்குக் கொடுப்பது வீண் அல்லவா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

வீண் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. 2021-22 சீசனிலிருந்து ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் மட்டுமே களத்தில் இருக்க முடியும். ஆகவே குறைந்தது ஏழு இடங்களில் இந்திய வீரர்கள் ஆடுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவராவது சென்டர் பேக்காக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம், நம் அணிகள் எதிர்கொள்ளும் முன்கள வீரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள் என்பது. உடல் வலுவும் அனுபவமும் மிக்க அவர்களோடு தொண்ணூறு நிமிடமும் தோளோடு தோள் நிற்க, அதே அனுபவம் உடைய ஒருவர் வேண்டும்.

கோல் போடுபவருக்குத்தானே இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு அணிக்குக் கோல் போட்டுவிட்டார். சென்னையின் எஃப்.சி. அதன் பிறகு முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டு முந்தியது. இரண்டுமே கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிப் போட்டவை. இரண்டையும் போட்டவர் மெய்ல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் நாட்டுச் சென்டர் பேக். சென்னை 3-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. ஒரு பின்கள வீரரை ஒப்பந்தம் செய்யும்போது, எதிரணிப் பெட்டிக்குள் கார்னரின்போது அவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்தே விலை பேசுகிறார்கள்.

நம் கோவையிலும் அதற்குச் சான்று உண்டு. 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை எதிர்த்துச் சென்னை சிட்டி ஆடிய, ஐ-லீக் என்ற தேசியப் போட்டியின் கடைசி ஆட்டத்தை நான் படிக்கட்டில் அமர்ந்து பார்த்தேன். தோற்றால் கோப்பை ஈஸ்ட் பெங்கால் கைக்குப் போய்விடக்கூடும் என்ற நிலையில், மூன்றாவது நிமிடத்திலேயே நம் அணி கோல் வாங்கியது. சுற்றிலும் எழுந்த அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்த பிறகு, வெற்றிக்கான இரண்டு கோல்களையும் போட்டவர் கௌரவ் போரா. அவர் முன்கள வீரர் அல்லர். பின்களத்துக்காக எடுக்கப்பட்டவர். 43 புள்ளியோடு சென்னை சிட்டி பட்டம் வென்றது; ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

வெளிநாட்டுச் சென்டர் பேக்கை எடைபோடும்போது மொழியையும் பார்க்கச் சொல்வேன். பின்களம் பேச்சால் நகரும் இடம். "ஏறு", "விடு", "பின்னால ஆளு" என்று நம் ஊர் மைதானங்களில் கத்துவதைத்தான் அவர்களும் வேறு சொற்களில் கத்துகிறார்கள். மிசோ பேசும் சைடு பேக், மலையாளம் பேசும் இன்னொரு சைடு பேக், தமிழ் பேசும் கோல்கீப்பர், ஸ்பானிய மொழி பேசும் ஸ்டாப்பர் (சென்டர் பேக்) என்று அமைந்துவிட்ட அணி, பத்துச் சொற்களையாவது பொதுவாக வைத்துக்கொள்ளாமல் சீசனைத் தொடங்கினால் அதன் விலையை முதல் மாதத்திலேயே கொடுக்க நேரும். பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் காதால் கேளுங்கள். ஒரு குரலாவது விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சென்டர் பேக் ஆறடிக்கு மேல் இருந்தே ஆக வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேறொன்று இருக்க வேண்டும். 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணித் தலைவர் ஃபேபியோ கன்னவாரோவின் உயரம் 1.76 மீட்டர். அந்தத் தொடர் முழுவதிலும் இத்தாலி வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு. ஒன்று தன் அணி வீரரே தவறிப் போட்டது, மற்றொன்று இறுதி ஆட்டத்தில் ஜிதான் அடித்த பெனால்டி. எதிராளி முறையான ஆட்டத்தில் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டு உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதும் கன்னவாரோவுக்கே கிடைத்தது. பந்து எங்கே விழும் என்பதை முன்கூட்டியே கணித்து, எதிராளிக்கு முன்பாகவே எழும்பிவிடுவார். இருவருமே குட்டையாக இருக்கும் இணையை மட்டும் நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் கார்னர்களின்போது அவர்களில் ஒருவரையாவது எதிரணி தேடி வரும்.

எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த நல்லப்பன் மோகன்ராஜ் ஐ-லீகில் பின்கள வீரராக ஆடியதிலிருந்து பேக்குகளின் மேல் எனக்குத் தனிப் பற்று. முதல் நால்வரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். மாற்று வீரர்களை எப்படி மதிப்பிடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

மிகவும் தேவையான கேள்வி. சீசனுக்கு முந்தைய மதிப்பீடுகளில் பாதி தவறிப்போவது இந்த இடத்தில்தான். மேலே சொன்ன லிவர்பூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் எவர்ட்டனுடன் ஆடியபோது வான் டைக்கின் முழங்கால் காயமடைந்தது. அந்த சீசனின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அடுத்தடுத்து மற்றச் சென்டர் பேக்குகளும் காயமடைய, நடுக்கள வீரர்களைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. முந்தைய சீசனில் பட்டம் வென்ற அதே அணி, அந்த சீசனில் 42 கோல் வாங்கியது. பின்களத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க நடுக்களத்திலிருந்து ஆளை எடுத்ததால் நடுக்களமும் மெலிந்துவிட்டது என்பதுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது.

இத்தாலி 2006-இல் அதை வேறுவிதமாகச் சந்தித்தது. கன்னவாரோவின் இணையாக இருந்த அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தா மூன்றாவது ஆட்டத்தில், செக் குடியரசை எதிர்த்து ஆடும்போது காயமடைந்து வெளியேறினார். மாற்று வீரராக வந்த மார்கோ மத்தெராத்ஸி அதே ஆட்டத்தில் கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் பெனால்டி கொடுக்கக் காரணமாக இருந்தவரும் அவரே, அதைச் சமன் செய்த கோலைப் போட்டவரும் அவரே. பின்னாளில் அதே மத்தெராத்ஸி பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்து, 2015-இல் சென்னையின் எஃப்.சி.க்கு முதல் ஐ.எஸ்.எல். பட்டத்தை வாங்கித் தந்தார் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

மாற்று வீரரை மதிப்பிட நான் வைத்திருக்கும் கேள்விகள் எளியவை. அவர் எந்தப் பக்கமும் நிற்கக்கூடியவரா? இடது சென்டர் பேக் காயமடைந்தால், வலது கால்காரர் ஒருவர் அங்கே போய் நின்று, நெருக்கடியில் பந்தை இடது ஓரத்துக்குத் தடுமாறாமல் அனுப்புவாரா? 2019-இல் விதி மாறி, கோல் கிக்கைப் பெட்டிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம் என்று ஆன பிறகு இந்தத் திறமையின் மதிப்பு பலமடங்கு கூடிவிட்டது. எதிரணி முன்கள வீரர்கள் பெட்டியின் வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். தவறான காலில் பந்தை வாங்கும் பேக் அரை நொடி தாமதித்தாலும் பந்து பறிபோய்விடும். அடுத்து, டூரண்ட் கோப்பையைப் போன்ற சீசன் தொடக்கப் போட்டிகளில் அந்த மாற்று வீரருக்கு முதல் வரிசை வீரர்களோடு சேர்ந்து ஆட வாய்ப்புக் கொடுத்தார்களா, அல்லது மாற்று வீரர்கள் பதினொருவரையும் தனி அணியாக அனுப்பிவிட்டார்களா என்று பாருங்கள். பின்னதைச் செய்த அணியில், காயம் ஏற்படும் நாளன்று அந்த வீரர் முன்பின் பழகாதவர்களோடு நிற்க நேரும்.

வேறு இடத்திலும் நிற்கக்கூடிய பின்கள வீரர்களைப் பற்றிப் பேசும் எவரும் இந்திய அணியின் ஜர்னைல் சிங்கை மறக்கக் கூடாது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தலையில் தையல் போட்ட காயத்தோடு, ஸ்டாப்பரான அவரைப் பயிற்சியாளர் ரஹீம் முன்களத்துக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியபோது அந்த இரண்டில் ஒரு கோல் அவருடையது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "ஸ்டாப்பர்" என்கிறார்கள். தொலைக்காட்சியில் "சென்டர் பேக்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– பள்ளி மாணவர், கோபிசெட்டிபாளையம்

இன்றைய வழக்கில் ஒன்றுதான். 1925-இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தி, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூவர் இருக்க வேண்டும் என்பதை இருவர் என்று ஆக்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தைய சீசனில் 1,192 ஆக இருந்த கோல்கள் ஒரே சீசனில் 1,703 ஆக உயர்ந்துவிட்டன. அந்த வெள்ளத்தைத் தடுக்கத்தான் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். தடுத்து நிறுத்துபவர் என்பதால் அவருக்கு ஸ்டாப்பர் என்ற பெயர் வந்தது. உங்கள் பெரியவர்கள் சொல்லும் சொல்லுக்கு நூறாண்டு வயது. அதைக் கைவிட வேண்டாம்.

என் மகள் பள்ளி அணியில் பேக்காக ஆடுகிறாள். பெரிய அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் தொலைக்காட்சியில் கேமரா பந்தையே துரத்துவதால் பேக்குகள் கண்ணில் படுவதே இல்லை என்கிறாள். என்ன செய்யலாம்?
– தாய் ஒருவர், தாராபுரம்

அம்மா, தங்கள் மகள் சரியாகவே கவனித்திருக்கிறாள். பின்கள வீரர் தன் வேலையின் பெரும்பகுதியைக் கேமராவுக்கு வெளியேதான் செய்கிறார். முடிந்தால் ஓர் ஆட்டத்துக்காவது நேரில் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டப்பாதை சுற்றியிருக்கும் ஸ்டேடியமாக இருந்தால் கீழ்வரிசை வேண்டாம், உயரமான வரிசையில் கோலுக்குப் பின்பக்கமாக உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் நால்வரின் கோடும், அவர்களுக்கிடையே உள்ள சந்தும் கோலம் போட்டதுபோலத் தெளிவாகத் தெரியும். முதல் இருபது நிமிடம் பந்தைப் பார்க்கவே கூடாது என்று அவளிடம் சொல்லிவையுங்கள். கடினமாகத்தான் இருக்கும், கூட்டம் கத்தும்போது கண் தானாகவே பந்துக்குப் போய்விடும். தன் இடத்தில் ஆடும் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து அவர் நடப்பதையும் நிற்பதையும்கூடப் பார்க்கட்டும்.

நேரில் போக முடியாதபோது, தொலைக்காட்சியிலேயே பின்களம் முழுவதும் திரைக்குள் வரும் தருணங்கள் சில உண்டு. எதிரணியின் கோல் கிக், பக்கவாட்டிலிருந்து எடுக்கும் ஃப்ரீ கிக், கோல் விழுந்த பிறகு காட்டும் அகலமான மறுஒளிபரப்பு ஆகியவை அவை. கோல் விழுந்ததைக் காட்டும்போது பந்தை அடித்தவரைப் பார்க்காமல், அதற்குப் பத்து நொடி முன்னால் ஒவ்வொரு பேக்கும் எங்கே நின்றார் என்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது நம்மைவிட நன்றாகவே வரும்.

ஒரு சிறு பயிற்சியும் தருகிறேன். ஒரு நோட்டில் அந்த பேக்கின் பெயரை எழுதிக்கொண்டு, அவர் கண்ணில் படும்போதெல்லாம் முதுகுப்பக்கம் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணட்டும். முதல் பாதியில் பத்து நிமிடம், 75-ஆம் நிமிடத்துக்குப் பிறகு பத்து நிமிடம் என்று எண்ணினால் போதும். சீசனின் முதல் மூன்று ஆட்டங்கள் முடிந்ததும் அந்த நோட்டின் பக்கங்களை எனக்கு அனுப்பிவையுங்கள். அவள் எண்ணியதை வைத்தே அடுத்த முறை எழுதுகிறேன்.